அடுப்படியில் குடித்த சூப்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் அழவில்லை, சிரிக்கிறேன் என்று அன்று அலுவலகத் தோழி லொரெய்னிடம் சொல்லவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

அலுவலகத் தோழிகள் சினிமாவுக்கு அழைத்துப்போனார்கள். எட்மன்டன் வந்தபின் முதல் அழைப்பு. நகைச்சுவைப் படம். நாயகனும் என்னைப்போல இரண்டு ஊன்றுகோலில் நடப்பவன். காதலி மேசையில் காத்திருக்க, கிண்ணத்தைத் தூக்கிப்போகக் கை ஒழியாமல், அடுப்படியிலேயே நின்று இருவர் சூப்பையும் குடித்துவிடுகிறான். அரங்கமே உச்சுக்கொட்டியது. நான் தினமும் அப்படித்தானே சாப்பிடுகிறேன்; முகத்தைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினேன்.

"அழாதடி கண்ணு. சிரிப்புப் படம்னு ஏமாத்திட்டானுங்க பாவிங்க," என்று லொரெய்ன் முதுகைத் தடவினாள்.

ஊன்றுகோல் அடியில் மாட்டும் ரப்பர் அனுப்புங்கள்; பனியில் வழுக்குகிறது. ஞாயிறு எப்போது போன் செய்தாலும் வீட்டில்தான் இருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை அலுவலகத் தோழிகள் வேறு படத்துக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

டாரியா