செவலையும் ஓலைப்பெட்டியும்

ஆவணி 4, திங்கள்

காலையிலிருந்தே காற்று. துவைத்துப் போட்ட துணியெல்லாம் மண். குழாயில் தண்ணீர் இல்லை, நாளைக்கு வருமாம்.

செவலை இன்று கடித்தவை: இவர் வீட்டில் போடும் பழைய செருப்பில் ஒன்று. டி.வி. ரிமோட்டின் பின்மூடி. விளக்குமாற்றில் பாதி. போன் சார்ஜர்.

சார்ஜர் சுவரில் மாட்டியபடியே இருந்தது. நல்லவேளை, சுவிட்ச் போட்டிருக்கவில்லை.

ஆறு மாத நாய்க்குட்டி. வேம்பாரில் இவருடைய சிநேகிதரின் உப்பளத்து வாசலில் பிறந்தது. ஆபரேஷன் முடிந்து, "நடங்க, நடங்க" என்று டாக்டரம்மா சொல்லியும் நான் கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்தேன். அப்போது இவர்தான் உப்பு லாரியில் இதை வரவழைத்தார். இப்போது கத்துகிறவரும் இவர்தான்.

கடையிலிருந்து வந்ததும் செருப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏளா, இது நாயா, ரம்பமா?"

"பல்லு முளைக்குதுங்க. அதான்."

"எனக்குந்தான் கடவாப்பல்லு ஆடுது. நான் ரிமோட்டையா கடிக்கேன்?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. முகம் மாறிவிட்டது. "இப்படியே சாமான் போயிட்டிருந்துச்சுன்னா ஞாயித்துக்கிழமை வார உப்பு லாரியில ஏத்தி விட்டிருவேன். வந்த எடத்துக்கே போவட்டும்."

வந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். இதோடு பிறந்த இரண்டும் அங்கேதான் லாரிச் சக்கரத்தில் போயின.

அனுப்ப விட மாட்டேன். ஆறு மாதக் குட்டிக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்க முடியாதா என்னால்?

ஆவணி 5, செவ்வாய்

தண்ணீர் வந்தது. ரெண்டு தொட்டியும் நிறைந்தது.

எதிர்வீட்டு சரஸ்வதி யோசனை: வேப்பெண்ணெய். "கசப்புக்கு எந்த நாயும் வாய் வைக்காது மதினி." பெரிய போத்தலாக வாங்கி வந்து கட்டில் கால், நாற்காலி கால், கதவு விளிம்பு, இவர் கடைக்குப் போட்டுப் போகும் செருப்பு, எல்லாவற்றிலும் தடவினேன். வீடு முழுக்க வாடை. எனக்கே சோறு இறங்கவில்லை.

செ. நாற்காலிக் காலை முகர்ந்தது, தும்மியது, போய்விட்டது. ஜெயித்தேன் என்று காப்பி போடப் போனேன். வந்து பார்த்தால் திரும்பவும் அதே காலை நக்கிக்கொண்டு கிடக்கிறது. கசப்பு பழகிவிட்டதாம் துரைக்கு. துரையா, துரைசாணியா? பொட்டைக்குட்டிதானே.

இவர் வந்ததும் வராததுமாக: "கடையில வார ஆளெல்லாம் மூக்கைப் பிடிக்கான். 'அண்ணாச்சி, பெயின்ட் கடையில பேன் மருந்து விக்க ஆரம்பிச்சிட்டீயளா'ன்னு கேக்கான்."

செருப்பைக் கழுவித் தரச் சொன்னார். கழுவினேன். வாடை போகவில்லை.

ஆவணி 6, புதன்

கால்நடை ஆஸ்பத்திரி. ஆட்டோக்காரர் முதலில் மாட்டேன் என்றார், அப்புறம் "சீட்டைக் கடிக்காம பாத்துக்கோங்க" என்று ஏற்றினார். மடியிலேயே வைத்துக்கொண்டேன். என் சேலைத் தலைப்பு போயிற்று, சீட்டு தப்பித்தது.

சின்ன வயது டாக்டர். வாயைத் திறந்து பார்த்தார். "பால் பல்லு விழுந்து புதுப் பல்லு வருது. ஈறு நமநமங்கும். கடிக்காதேன்னா எப்படி? கடிக்கிறதுக்குன்னு அதுக்கு ஒரு சாமான் குடுங்க. மத்ததை எட்டாம வைங்க." இன்னொன்றும் சொன்னார். வாயில் எதையாவது வைத்துக்கொண்டு ஓடினால் துரத்தக் கூடாதாம். துரத்தினால் விளையாட்டு என்று நினைத்துக்கொள்ளுமாம். இத்தனை நாள் நான் விளக்குமாற்றோடு வீட்டைச் சுற்றி ஓடியது அதற்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கிறது!

என்ன கொடுப்பது? பழைய செருப்பா? பழையது எது, புதியது எது என்று அதற்கு எப்படித் தெரியும். வேண்டாம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்படியில் பனம்பழம். நேற்று அவித்துச் சப்பிப்போட்ட கொட்டைகள் குப்பைக்குப் போகக் காத்திருந்தன. ஒன்றைக் கழுவிக் கொடுத்தேன்.

அவ்வளவுதான். முன்னங்கால் இரண்டாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மத்தியானம் முழுக்க நார் நாராகப் பிய்த்தது. பிய்ந்த நாரை விழுங்காமல் எடுத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் வேலை. நம் ஊர்க்காரியல்லவா, நம் ஊர்ச் சாமான்தான் பிடிக்கும்.

ஆவணி 7, வியாழன்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து, பழைய ஓலைப்பெட்டியில் போட்டு வைத்தேன். செ. என் முன்னால் வந்து உட்கார்ந்தால் மூடியைத் திறந்து ஒன்று. பெட்டியைத் தொட்டாலே ஓடி வந்து உட்கார்ந்துகொள்கிறது, வால் தரையைப் பெருக்குகிறது. "போடு" என்று சொல்லித் தேங்காய்ச் சில்லை நீட்டினால் வாயில் இருப்பதைக் கீழே போடுகிறது. பத்துக்கு ஆறு தடவை.

இன்று கடித்தவை: ஒன்றுமில்லை. அடிக்கோடு போட்டு எழுதுகிறேன். ஒன்றுமில்லை.

காலையில் கடற்கரைச் சாலை வரை நடந்தோம். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு டயராக முகர்ந்து கணக்கெடுத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு தூரம் நான் நடந்ததே இல்லை. வரும்போது அதோடு சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தேன். யார் பார்த்தால் என்ன. பகல் முழுக்க வாயைத் திறக்காமல் கிடந்த காலம் ஒன்று இருந்தது, அது எனக்குத் திரும்ப வேண்டாம்.

சாயங்காலம் கொற்கையிலிருந்து மதினி. இவருடைய அக்கா. மகனுக்கு வருகிற புதன்கிழமை நிச்சயதார்த்தம், பெண் வீடு இங்கே தூத்துக்குடி. ஆட்டோ நிறையப் புது ஓலைப்பெட்டி, சாயம் போட்ட ஓலை, மூடியோடு. மக்ரூன் ஒன்றில், சில்லுக்கருப்பட்டி ஒன்றில், பழம் ஒன்றில் என்று வைத்துக் கொண்டுபோக. எவ்வளவு பவிசு வந்தாலும் எங்கள் ஆட்களுக்குச் சீர் என்றால் ஓலைப்பெட்டிதான்.

"புதன்கிழம வரைக்கும் இங்கன இருக்கட்டும் ளா. அங்க வீட்டுல எலி."

எங்கள் வீட்டில் எலி கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன்.

ஆவணி 8, வெள்ளி

எலி கிடையாது. அதைவிடப் பெரிது ஒன்று இருக்கிறது.

கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். கூடம் முழுக்க ஓலை. பச்சை, சிவப்பு, கத்தரிப்பூ நிறம். மூன்று பெட்டி. மூடி தனி, அடி தனி, விளிம்பு தனி. நடுவில் செ. உட்கார்ந்திருக்கிறது. ஓடவில்லை, ஒளியவில்லை. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து வாலை ஆட்டுகிறது, "திறந்துட்டேன், கொட்டை எங்கே" என்று கேட்கிற மாதிரி.

அப்போதுதான் உறைத்தது. கொட்டை ஓலைப்பெட்டியில். ஓலைப்பெட்டியைத் தொட்டால் கொட்டை. அப்படிப் பழக்கியது யார்? நான். எதிரே ஏழெட்டுப் பெட்டியை அடுக்கி வைத்துவிட்டு, திறக்காதே என்றால் அது எப்படித் திறக்காமல் இருக்கும்? வீடு முழுக்கப் பனையை வைத்துக்கொண்டு பனையைக் கடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பெட்டி, அரிசி புடைக்கிற சுளகு, நார்க்கட்டில். கட்டிலைப் போய்ப் பார்த்தேன். நல்லவேளை.

அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டேன். தப்பு அதனுடையது இல்லை.

மதினிக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். எந்தப் பெட்டி, எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம்: "ஏளா, சம்பந்தி வீட்டுக்குப் போவ வேண்டிய பெட்டியில நாய் பல்லா? அச்சானியம் மாதிரில்லா இருக்கு!"

"புதுசு வாங்கி வச்சிருதேன் மதினி. ஒரு பல்லும் படாது, நான் பொறுப்பு."

"என்னமோ. நீ படுக்கையில கெடந்ததுக்கு இது தேவலதான்." வைத்துவிட்டார்.

இவர் வந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பெட்டி ஒன் தப்பு. அதை விட்டிருதேன். ஞாயித்துக்கிழமை லாரி வாரதுக்குள்ள இன்னும் ஒரே ஒரு சாமான்ல பல்லு பட்டுச்சுன்னா நானே தூக்கி ஏத்துவேன். நீ அழுதாலும் சரி."

அழவில்லை. இப்போது எழுதும்போதுதான்.

ஆவணி 9, சனி

அழுது முடிந்தது. வேலை.

- பழைய ஓலைப்பெட்டி பரணுக்கு.
- கொட்டை இனி எவர்சில்வர் தூக்குவாளியில். வாளி ஆணியில்.
- புதுப் பெட்டிகள் பீரோவில். பீரோச் சாவி என் இடுப்பில்.
- செருப்பு ஸ்டாண்டு உயரத்தில். (இவர் கேட்பாரா? கழற்றிய இடத்தில்தான் விடுவார்.)
- ஒயர் எல்லாம் கட்டி மேலே.
- நான் சமைக்கும்போது செ. என் காலடியில், கயிறு அரிவாள்மனைக்கு எட்டாமல்.

காலையில் சுளகைத் தரையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். போய் முகர்ந்தது. வாயைத் திறந்தது. "செவலை, போடு." வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. தூக்குவாளியைத் தட்டினேன். சுளகை விட்டுவிட்டு ஓடி வந்தது. இதையே காலை முழுக்க. கட்டில், விளக்குமாறு, மறுபடி சுளகு. என் தொண்டை கட்டிவிட்டது. அதற்கு அலுக்கவே இல்லை.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தார். செ.யை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். மூன்று பெட்டி கிடைத்தது, கத்தரிப்பூ நிறம் கொஞ்சம் வேறாக இருக்கிறது. மதினி கண்டுபிடிப்பார். பிடிக்கட்டும்.

திரும்பி வந்தால் இவர் வாசலிலேயே நிற்கிறார்.

"ஏதும் செஞ்சுதா?"

"ஒண்ணும் செய்யல. தூங்குது."

தூங்கவில்லை, கூடத்தில் கொட்டையோடு கிடந்தது. இவருக்கு என்ன அவசரமோ, வெறுங்காலோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வயதாகிறது.

ஆவணி 10, ஞாயிறு

லாரி காலை பத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஹாரன் சத்தம் கேட்டதும் கூடத்துக்கு ஓடினேன். செ.யைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கனக்கிறது இப்போது, வந்தபோது ஒரு தேங்காய் கனம்தான் இருந்தது.

டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஒரு குட்டிய ஏத்தணும்னு சொன்னீயளே அண்ணாச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "இல்ல இல்ல. ரெண்டு நாளா ஒரு சாமானையும் தொடல. பழகிட்டு. நீரு காப்பி குடிச்சிட்டுப் போரும்."

காப்பி போட்டேன். சர்க்கரை போட்டேனா என்று நினைவில்லை. டிரைவர் முழுசையும் குடித்துவிட்டுப் போனார். லாரி தெருமுனை திரும்பும் வரை செ.யைக் கீழே விடவில்லை.

சந்தோஷம். வேறென்ன எழுத. என் பயிற்சிதான். இவரும் ஒத்துக்கொண்டார். "நீ பிடிச்சா பிடிச்ச பிடிதான்" என்றார்.

இன்னொன்று. இவர் செருப்பில் வேப்பெண்ணெய் வாடை போய்விட்டது. கேட்டதற்கு, "நல்லா வெயில்ல வச்சேன்" என்றார்.

ஆவணி 11, திங்கள்

மறுபடி காற்று. ஸ்கூட்டர் மேல் ஒரு விரல் தடிமனுக்கு மண். இவர் குளிக்கப் போயிருந்தார், துடைக்கத் துணி தேடி சீட்டைத் தூக்கினேன்.

உள்ளே செய்தித்தாள் பொட்டலம். பிரிப்பதற்கு முன்பே வேப்பெண்ணெய் வாடை. இவருடைய கடைச் செருப்பு. வலது கால் வார் முழுக்கப் பல் தடம், குதிகால் இல்லவே இல்லை.

வாசலில் புதுச் செருப்பு நிற்கிறது. அதே நிறம், அதே கம்பெனி. கழற்றிய இடத்திலேயே, தரையில்.

பொட்டலத்தைப் பழையபடி மடித்து உள்ளே வைத்தேன். புதுச் செருப்பை எடுத்து ஸ்டாண்டில், மேல் தட்டில். தூக்குவாளியிலிருந்து ஒரு பனங்கொட்டையை எடுத்துப் பொட்டலத்தின் மேல் வைத்து சீட்டை மூடினேன்.

குளித்துவிட்டு வந்தார். "வண்டியத் தொடச்சியா ளா?"

"ஆமா" என்றேன்.