இடது தண்டவாளம்

நவம்பர் 11, செவ்வாய்

போகும்போது வலது தண்டவாளம், திரும்பும்போது இடது. தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் கீமேனுக்கு அதுதான் வேலை. இன்று வில்லியனூர் வரை வலதைப் பார்த்து முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. லைனை ஒட்டி வயல் வைத்திருக்கும் செல்வம் பைக்கை நிறுத்தினான். "இன்னாபா நனையற, ஏறு." ஏறிவிட்டேன். நோட்டில் இரண்டு பக்கமும் சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சாயங்காலம் எண்ணெய் டேங்கர் ரயில் போனபோது வளைவில் சத்தம் வேறு மாதிரி கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். இடது தண்டவாள இணைப்பில் நாலு போல்ட்டில் இரண்டைக் காணோம். உடனே ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். அடுத்த ரயிலை நிறுத்தி வைத்து, மேஸ்திரி ஆட்களோடு வந்து மாட்டினார்.

"மத்தியானம் போல்ட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு." வாய் முந்திக்கொண்டது.

"அப்போ எவனோ கழட்டியிருக்கான். காலையில போலீஸ் வரும். இது யாரு வயலு?"

"செல்வத்துது."

இப்போதுதான் செல்வம் போன் செய்தான். "பைக்ல வந்தத யாருகிட்டயும் சொல்ல மாட்டம்பா, நீ பயப்படாம தூங்கு."

போலீஸ் வருவதை நான் அவனிடம் சொல்லவில்லை.