நுவரெலியா வீட்டின் ஏப்ரல் வாடகை

திருத்தணி
20-2-1949

அன்புள்ள எலியாஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் உடம்பளவில் சுகம். உன்னையும் தேவசுந்தரியையும் குழந்தை கிருபாவையும் கர்த்தர் காக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன், காக்கிறாரா என்பது நீ எழுதினால்தான் தெரியும், நீ எழுதி மாதக்கணக்காகிறது. குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை என்று தேவசுந்தரி கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தாள், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை, இந்த வருஷமும் பெண்கள் பாதிப்பேர் கல்யாணம் என்று பாதியில் நின்றுவிட்டார்கள், தலைமை ஆசிரியை என்று நான் சொல்வதைக் கேட்க யாருக்கும் அவகாசமில்லை.

நுவரெலியா வீட்டு விஷயமாகச் சித்தூர் வருமான வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதினேன், அதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. வீட்டை என் பேருக்கு மாற்றியபோது விஷயம் அவர்கள் பார்வைக்குப் போயிருக்கிறது. அப்பா போன பிறகு வந்த இரண்டு ஏப்ரல் சீசனிலும் மலைக்கு வருகிறவர்களிடம் வாங்கிய வாடகை எவ்வளவு, ஏன் காட்டவில்லை என்று கேட்டிருந்தார்கள். ஏன் காட்டவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ டைபாய்டில் கிடந்தபோது அப்பா செய்த பொருத்தனை அது, பிள்ளை பிழைத்தால் அந்த வீட்டின் சீசன் வாடகை முழுவதும் நம் சபைக்கு முதற்பலன் என்று. கடவுளோடு அப்படிப் பேரம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை, ஆனாலும் நீ பிழைத்தாய், அவரும் வாக்கு மாறவில்லை. அவருக்குப் பிறகு நீ வாடகையை வாங்கி நேராகச் சபைக்கு அனுப்புகிறாய் என்றிருந்தேன். கர்த்தருக்கென்று வைத்தது நமக்கு வருமானம் ஆகாது என்பார், சபையில் படித்தவர் படிக்காதவர் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

நோட்டீஸ் வந்ததும் உன் யோபு சித்தப்பா அரக்கோணத்திலிருந்து டியூட்டி முடிந்த கையோடு வந்தார். கிருத்திகைக்கு ஊரே வீட்டைக் காவடிக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறது, எவன் வரி கட்டுகிறான் என்று சிரித்தார். "பையன் அந்த வீட்லியே குடியிருக்கறான்னு எழுதிப் போட்டுடுங்க அண்ணி, கடல தாண்டி எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்" என்றார். நான் காபி கொடுத்து அனுப்பினேன். சித்தூருக்கு நானே போனேன். ஆபீசர் சின்ன வயசு, தெலுங்குக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். வெளிநாட்டில் வரும் வாடகையானாலும் இந்த ஊரில் குடியிருப்பவருக்கு இங்கே வரி உண்டு என்றார். பொருத்தனையைச் சொன்னேன். "வாடகை வந்தப்பவே அது உங்க வருமானம்மா. அப்புறம் அத கோயிலுக்குக் குடுத்தீங்களோ கடல்ல போட்டீங்களோ, அது உங்க இஷ்டம்" என்றார். அதில் தப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இலங்கையில் வரி கட்டியிருந்தால் அதன் அத்தாட்சியையும், சபையின் ரசீதுகளையும் கொண்டு வாருங்கள், ஏதாவது குறையுமா என்று பார்க்கலாம் என்று தவணை கொடுத்தார். அந்த அத்தாட்சி கேட்டுத்தான் உனக்குப் போன கடிதம் எழுதினேன். ரசீது கேட்டுப் போதகர் வீட்டுக்குப் போனேன்.

போதகர் என்னை உட்கார வைத்து, விசிறியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஐயா காலமானதுக்கு அப்புறம் அந்தக் காணிக்கை வரலைங்கம்மா. தம்பிக்கு என்ன கஷ்டமோன்னு நாங்களும் கேக்கல, உங்களுக்கும் சொல்லல" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். சபையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எலியாஸ். இரண்டு அறுப்பின் பண்டிகைக்கும் நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நம் காணிக்கை வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

போன வெள்ளிக்கிழமை மறுபடி சித்தூருக்குப் போனேன். இரண்டு சீசன் வாடகையும் முழுசாக வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரசீது இல்லையா என்று ஆபீசர் கேட்டார். இல்லை, பணம் எங்கள் குடும்பத்தின் கைக்கே வந்தது என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். வரியும் அபராதமும் சேர்ந்து என் சம்பளத்தில் அடங்காது. என் வயசான காலத்துக்கென்று அப்பா வாங்கிப் போட்ட அம்மையார்குப்பத்து நிலத்தைக் கோதண்ட முதலியாருக்கு விலை பேசி முடித்துவிட்டேன், அவர் நெசவுக்கொட்டகை போடப் போகிறாராம். சித்தப்பாவிடம் இது எதையும் சொல்லவில்லை, நீயும் எழுத வேண்டாம்.

உனக்கு வேலை போய்விட்டதா, கடனா, உடம்புக்கு ஏதாவதா, இல்லை வேறெதிலாவது இறங்கிவிட்டாயா, எனக்குத் தெரியாது. ஊகித்துப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இந்தியர்களுக்கு அங்கே நாளுக்கு நாள் கெடுபிடி என்று படிக்கிறேன், கஷ்டம் என்றால் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வாடகையை நீயே எடுத்துக்கொள் என்று சொல்லியிருப்பேன், பொருத்தனை எப்படியும் அப்பாவுடையது, என்னுடையது அல்ல. நீ கேட்கவில்லை. அதனால் வாடகை வாங்க உன் பேரில் நான் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்து கொழும்பு வக்கீலுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். இந்த ஏப்ரலுக்கு யாரிடமாவது முன்பணம் வாங்கியிருந்தால் அவர்கள் பேரையும் விலாசத்தையும் உடனே எழுது, அதை நான் திருப்பிக் கொடுக்கிறேன். வீட்டை விற்பதா வைப்பதா என்று உன்னை நேரில் பார்த்த பிறகுதான் சொல்வேன்.

கோடை லீவு விட்டதும் தனுஷ்கோடி வழியாகப் புறப்பட்டு வருகிறேன், தேதியைத் தந்தியில் சொல்கிறேன். கர்த்தர் உங்கள் மூவரையும் கைவிடாதிருக்கட்டும், தேவசுந்தரிக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். நுவரெலியாவுக்கு இறங்கும் நானுஓயா ஸ்டேஷனுக்கு வீட்டுச் சாவியோடு வா. பணம் ஒன்றும் புரட்டிக்கொண்டு வர வேண்டாம். என்னைப் பார்க்க வர மனமில்லாவிட்டால் சாவியைத் தேவசுந்தரியிடம் கொடுத்து அனுப்பு, அதையே உன் பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்குத் திரும்பிவிடுவேன்.

உன் அம்மா,
ஜெ. தபிதாள்