அந்தப் பதினைந்து விநாடி

இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் பாச்சை உருண்டை போடக் குனிந்தபோது உங்கள் கம்பளிக் கையுறைகள் அகப்பட்டன. தஞ்சாவூரின் கத்திரி வெயில், மின்சாரமும் இல்லாத மத்தியானம். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இடது கையுறை கடையில் வாங்கியபடியே இருந்தது. வலது கையுறையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசும் இடத்தில் மட்டும் கம்பளி தேய்ந்து, திரிதிரியாகச் சுருண்டிருந்தது. நார்வேயில் நாம் இருந்தது மூன்று வாரம். அதற்குள் ஒரு கையுறை இப்படித் தேய வேண்டுமென்றால், கோட்டுப் பைக்குள் அந்த இரண்டு விரல்களும் ஓயாமல் உருட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் நடந்து வந்த நான் அதைப் பார்க்கவில்லை.

மகள் அந்த வடகோடி ஊரில் வேலைக்குப் போன முதல் வருடமே நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள். அங்கே ராத்திரி வானத்தில் எரியும் துருவ வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், படம் பிடிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் வரப்பு வரப்பாக முக்காலியைத் தூக்கி அலைந்தவர், ஓய்வு பெற்ற பிறகு ஆசைப்பட்டதும் முக்காலி வைத்துச் செய்யும் வேலையைத்தான். உங்கள் கை இழுக்கும் கோட்டுக்கு ஸ்கேல் வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதில் உங்களைவிட எனக்குத்தான் பெருமை.

அங்கே மாலை நான்கு மணிக்கே கும்மிருட்டு. பனி மூடிய ஏரிக்கரையில் முக்காலியின் ஒவ்வொரு காலையும் பூட்ஸால் மிதித்து இறக்கினீர்கள், அறுப்பு முடிந்த ஈர வயலில் செய்வது போலவே. மகள் கேமராவைப் பொருத்தினாள். மலைக்குப் பின்னாலிருந்து பச்சை மெல்ல எழுந்து பாதி வானத்தை மூடியது.

“வானத்துல எவனோ நாத்தங்கால் விட்டிருக்கான் பாரு, கான்வென்ட்டு” என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதுதானே பெயர்.

“அப்பா, அம்மா, அப்படியே நில்லுங்க. இந்த இருட்டுல படம் விழப் பதினஞ்சு செகண்டு ஆகும். மூச்சு விடலாம், அசையக் கூடாது” என்றாள் மகள்.

முதல் படத்தில் மலை இருந்தது, பச்சை இருந்தது, நான் இருந்தேன். உங்கள் வலது தோளுக்குக் கீழே கை இல்லை. புகை மாதிரி ஏதோ இருந்தது. முகமும் தண்ணீர் பட்ட மை போலக் கலைந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

“என்னங்க இது? பாஸ்போர்ட் ஆபீஸ்ல பொம்மை மாதிரி உக்காந்தீங்க. இங்க வந்து ஏன் இந்த ஆட்டம்?”

“குளிருடி. எலும்பெல்லாம் கரகாட்டம் ஆடுது.”

மகள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அவ்வளவு தூரம் போய், அவ்வளவு பெரிய வானத்தின் கீழே, ஒரு படம் ஒழுங்காக வரவில்லையே என்று எனக்குக் கோபம்.

குளிரில் கேமராவின் பேட்டரி தீர்ந்துபோக, வேறொன்று எடுக்க மகள் காருக்குப் போனாள். அப்போதுதான் சொன்னீர்கள். குரலைத் தாழ்த்தி, ஏரியைப் பார்த்தபடி.

“குளிரு இல்லம்மா. ஒரு மாசமாவே இந்தக் கை இப்படித்தான் இருக்கு. ஊர்லயே ஆரம்பிச்சுட்டு. என்னமோ மாதிரி இருக்கு.”

நான் சொன்ன பதில் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. “சாக்கு சொல்லாதீங்க. மனசு வச்சா நிக்கலாம்.”

வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டீர்கள். மகள் திரும்பி வந்ததும் பழைய குரலில், “நான் எடுக்கிறேன். நீ மட்டும் நில்லு கான்வென்ட்டு. உனக்குத்தான் அசையாம நிக்கத் தெரியும்” என்றீர்கள். பொத்தானை நீங்கள் அழுத்தவில்லை. மகளை அழுத்தச் சொன்னீர்கள். கையுறையைக் கழற்றவும் இல்லை. நான் படித்த கான்வென்ட்டில் காலை வழிபாட்டின்போது எறும்பு கடித்தாலும் அசையாமல் நிற்கக் கன்னியாஸ்திரீகள் பழக்கியிருந்தார்கள். அப்படியே நின்றேன். ஒரு முடி கூடக் கலையாமல், உதடு இறுகி, தலைக்கு மேலே பச்சை எரிய, நான் மட்டும் விழுந்த அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். மற்ற மூன்றையும் அழித்துவிடச் சொன்னேன்.

அதன் பிறகு நீங்கள் கையைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தீர்கள். காபி சிந்தினால் நான் பேசுவதற்கு முன் நீங்களே துணி எடுத்துத் துடைத்தீர்கள். கையெழுத்துச் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆனது. கண்ணாடியை மாற்றுங்கள் என்றேன். இரண்டு வருடம் கழித்து நடை தடுமாறி வாய்க்கால் கரையில் விழுந்த பிறகுதான் மருத்துவரிடம் போனோம்.

“எவ்வளவு நாளா இருக்கு?” என்று அவர் என்னைக் கேட்டார்.

“ஆறு மாசம்” என்றேன்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவமானப்படக் கூடாது என்ற கவலைதான் இருந்தது. தலையை ஆட்டி ஆறு மாதம் என்பதை ஒப்புக்கொண்டீர்கள். இது நடுக்குவாதம், முன்னாலேயே வந்திருந்தாலும் நோய் போகாது, ஆனால் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம் என்றார் அவர். அந்த இரண்டு வருடத்தை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவள் நான். போன வருடம் கால்வாயில் தண்ணீர் வந்த வாரத்தில், கஞ்சி புரையேறி, நெஞ்சில் சளி கட்டி, நீங்கள் போனீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் அழுதாள். நான் அழிக்கச் சொன்ன மூன்று படங்களையும் அவள் அழிக்கவில்லையாம்.

“தினம் எடுத்துப் பாக்குறேம்மா. ஆறு மாசம் இல்ல, அப்பவே இருந்திருக்கு. நாந்தானே எடுத்தேன். கண்ணு முன்னாடி இருந்துச்சு, குளிருன்னு நெனச்சு சிரிச்சேன். நான்தாம்மா அப்பாவ விட்டுட்டேன்.”

“நடந்தது நடந்துபோச்சு. சாப்பிட்டியா?” என்று கேட்டேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கூடத்துச் சட்டத்தில்.

இந்தக் கையுறை கிடைத்த அன்றே அவளுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். நிறுத்தற்குறி முதற்கொண்டு சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். அந்தக் கான்வென்ட்டுப் பழக்கம் போகவில்லை. ‘அப்பா அன்றைக்கே என்னிடம் சொன்னார். நீ காருக்குப் போயிருந்தாய். சாக்கு என்று சொல்லி நான்தான் அவர் வாயை அடைத்தேன். மருத்துவரிடம் பொய் சொன்னதும் நான்தான். உன் மீது தவறு இல்லை.’

உங்களைக் கேட்காமல் அனுப்பிவிட்டேன். இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

அவள் படித்துவிட்டாள். நீலக் குறி இரண்டும் வந்துவிட்டன. மூன்று நாளாகியும் பதில் வரவில்லை. அடுத்த மாதம் உங்கள் வருட திதிக்கு வருவதாக இருந்தாள். இனி வருவாளா என்று தெரியாது. கூடத்துப் படத்தை இறக்கிச் சுவரோடு திருப்பி வைத்திருக்கிறேன். வலது கையுறை என் மடியில் இருக்கிறது.

அசையாமல் நிற்க எனக்குத்தான் தெரியும் என்றீர்கள். மூன்று நாளாக நிற்கிறேன்.