அலெக்சாந்தரின் வெள்ளைக் கவசம்

12 ஜூன் 1932, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன். அருளப்பன் இன்னும் கண் திறக்கவில்லை.

இன்று மாதா கோயில் மண்டபத்தில் அலெக்சாந்தர் நாடகத்துக்கு ஒத்திகை. அவன்தான் அலெக்சாந்தர்; உடைகள் என் பொறுப்பு. கவசம் செய்ய எங்களிடம் இருந்தது ஒரே படம்: பழைய கிரேக்கச் சாடியில் வரைந்த ஒரு போர்வீரன். கவசம் வெள்ளையாக இருந்ததால் துணிதான் என்று முடிவு கட்டினேன். பாய்மரத் துணியை அடுக்கடுக்காகப் பசை தடவி ஒட்டினோம். பலகை மாதிரி இறுகிவிட்டது.

"திறப்பு எங்க தம்பி வைக்கிறது? படத்துல காணோமே," என்றார் தையற்கார காதர் பாய்.

"படத்துல இல்லாதத நாம வைக்கக் கூடாது பாய். ஆள் மேலயே வச்சுத் தச்சிருங்க."

தைத்தார். இரண்டாம் காட்சியில் அருளப்பனுக்கு மூச்சு முட்டியது. "கழட்டுங்கண்ணே," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு விழுந்தான். கத்தரிக்கோல் இறங்கவே இல்லை. பஜார் கறிக்கடையிலிருந்து இறைச்சி வெட்டும் கத்தி வருவதற்குள் அவன் உதடு நீலமாகிவிட்டது.



படத்தை விளக்கடியில் வைத்துப் பார்க்கிறேன். வீரனின் இடது அக்குளுக்குக் கீழே, கேடயத்தின் ஓரத்தில், மெல்லிய இரண்டு கோடுகள். சாடியில் விழுந்த விரிசல் என்று தள்ளிவிட்டிருந்தேன். அவை கவசத்தைக் கட்டும் நாடாக்கள்; சேரும் இடத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது.