கிப்பனின் காலைப் படமெடுக்க ஏறியவளுக்கு

இன்று காலை நான் வேலை பார்க்கும் கல்லூரி முகவரிக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. தடித்த அட்டை, தங்க நிற எழுத்து, மூலையில் உன் புகைப்படம். முக்காடு நழுவியிருக்க, நீ எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் படம். நான் எடுத்தது. என்னை யாரும் கேட்கவில்லை. உன் பெயரில் நினைவுச் சொற்பொழிவாம். தலைமை, நம் நெறியாளர். 'களப்பணியில் எதிர்பாராத விபத்தில் மறைந்த' என்று உன்னைப் பற்றி ஒரு வரி. 'எதிர்பாராத' என்ற சொல்லைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. எதிர்பார்த்துத்தானே அவருக்கு இரண்டு முறை மெயில் அனுப்பினாய்?

திருவெறும்பூரில் ஃபிட்டர் மகள் நான். சவுதியிலிருந்து திரும்பி பாலக்கரையில் பைக்கடை வைத்தவரின் மகள் நீ. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், விடுமுறைக்கு ஊர் வந்தபோது, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக் குரங்குகளைப் படமெடுத்துக் கேமராவைப் பழகினோம். ஈரப் புடவையோடு படியேறி வந்த ஒரு மாமி நின்று கேட்டார்.

"ஆத்துல வேலையே இல்லையா உங்களுக்கு? கொரங்கப் போய் படம் பிடிச்சிண்டிருக்கேளே."

"எப்படித் தாவுதுன்னு பாக்குறோம் மாமி" என்று சொல்லி, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுக் காட்டினாய்.

"அட, தாவறதுக்கு முன்னாடி நமஸ்காரம் பண்றாப்ல குனியறதே" என்றவர், பத்து நிமிடம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. யாரையும் உன் திரையின் முன்னால் நிறுத்திவிடுவாய் நீ.

அசாம் காட்டில் முதல் கிப்பன் குரங்குக் குடும்பத்தைப் பார்த்தபோது நான் அண்ணாந்து அதன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாலில்லாத அந்த உடம்புக்கு அவ்வளவு நீளக் கைகள். ஊஞ்சல் போல, இறங்கும்போது சேர்த்த வேகத்தை ஏறும்போது செலவழித்து, அலட்டிக்கொள்ளாமல் கிளை கிளையாகப் போயிற்று. நீ என் தோளை இடித்தாய்.

"கையப் பாக்காதடி. எல்லாரும் கையத்தான் பாக்குறாங்க. காலப் பாரு."

அப்போது ஆண் கிப்பன் கைக்கு எட்டாத ஓர் இடைவெளியின் முன் நின்றது. கிளையில் குந்தியது, இரு கைகளையும் மேலே வீசியது, இடுப்பையும் முழங்காலையும் ஒரே உந்தில் நிமிர்த்திப் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலின் பலம் முழுக்கக் காலில்தான் இருந்தது. மெல்லிய கிளையாக இருந்தால் அது வளைந்து, உந்துதலில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அந்த நட்டத்தைக் கிப்பன் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் உன் கேள்வி. விசைகளைக் கணக்கிடுவது என் வேலை.

கீழே நின்று எடுத்தால் முழங்கால் எவ்வளவு மடிகிறது என்று சரியாகத் தெரியவில்லை. கேமராவைக் கிளையின் உயரத்தில் கட்ட வேண்டும். அதற்காகத்தான் நெறியாளரிடம் புதுக் கயிறும் சேஃப்டி பெல்ட்டும் கேட்டாய். முதல் மெயிலுக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு அவர் போனில் அழைத்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"ஏம்மா, காட்டுல மரம் ஏறுறவன்லாம் பெல்ட் கட்டிக்கிட்டா ஏறுறான்? அதெல்லாம் வாங்கி அனுப்புறதுக்குள்ள சீசன் போயிடும். இருக்கிறத வச்சு முடிங்க."

இருந்தது ஒரு பழைய கயிறு. எங்கள் அப்பா தொழிற்சாலையில் ஓர் ஆள் உயரம் ஏறவும் பெல்ட் மாட்டுவார். அவர் மகள் நான் உன்னைத் தடுத்திருக்க வேண்டும். வாயால் மட்டும் தடுத்தேன். "நாளைக்கு இந்தக் கூட்டம் இந்தப் பக்கம் வராதுடி" என்று நீ ஏறிவிட்டாய். அதற்காக உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. செத்துப்போனவள் என்பதால் அதை மறைக்கப் போவதில்லை.

கேமராவைக் கட்டிவிட்டு இறங்கும்போது கயிறு அறுந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர இரண்டு மணி நேரம். பாதி வழியிலேயே உன் கை என் கையில் கனத்துப்போயிற்று.

நான்காம் நாள் நெறியாளர் ஒரு காகிதத்தை என் முன் வைத்தார். 'பாதுகாப்பு அறிவுரைகளை மீறித் தன்னிச்சையாக ஏறினார்' என்று அதில் இருந்தது. "நீதாம்மா கூட இருந்தே. கையெழுத்துப் போட்டுடு. உன் ஆய்வேடும் என்கிட்டதானே இருக்கு" என்று தணிந்த குரலில் சொன்னார். மிரட்டியிருந்தால்கூட எதிர்த்திருப்பேனோ என்னவோ. போட்டுவிட்டேன். பட்டம் வந்தது, இந்த வேலை வந்தது. அந்தக் காகிதத்தின் நகல் உன் வீட்டுக்கும் போயிற்று.

அழைப்பிதழைக் கிழித்துவிட்டு, அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று நம் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதினேன். எனக்கும் நகல் போட்டு நீ அனுப்பிய இரண்டு மெயில்களையும் இணைத்தேன். அந்தப் போன் பேச்சை நினைவிருந்தவரை அப்படியே எழுதினேன். இனி என்ன செய்வார்களோ, செய்யட்டும். பிறகு பாலக்கரைக்கு பஸ் ஏறினேன்.

உன் அத்தா கடையில் ஒரு பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தார். "வாம்மா, டீ சொல்லவா?" என்றார். வேண்டாம் என்று சொல்லி, உட்கார்ந்து, ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் ஜிப்பையே இழுத்து மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"பெல்ட் கேட்டாளா?"

"ரெண்டு தடவ கேட்டா அத்தா."

"யார் பேச்சையும் கேக்காம போய் உயிர விட்டுட்டாளேன்னுதாம்மா நெனச்சுக்கிட்டு இருந்தேன். மூணு வருஷமா ஒவ்வொரு தொழுகையிலயும் அவளோட அந்தத் தப்ப மன்னிச்சிடுன்னு அல்லாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனார்.

நெறியாளர்மேல் எனக்குள்ள கோபம் குறையவில்லை. குறைய விடப்போவதும் இல்லை. எங்கு கூப்பிட்டாலும் போய்ச் சொல்வேன். ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், முதலில் உன் அத்தாவுக்குத்தான் நான் பதில் சொல்லியாக வேண்டும்.