சீனித்துளசி டீ

ஜூன் 11.

மைன்ஸில் முதல் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்காரர் வந்தார். சுகர் வந்ததிலிருந்து வெறும் டீயே குடிக்கிறாரே என்று, குவார்ட்டர்ஸ் பின்னால் நான் வளர்த்த, சர்க்கரை இல்லாமலே இனிக்கும் சீனித்துளசி இலையைச் சொல்லாமல் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் கொதிக்கும் டீயை என் மேல் வீசினார்.

“சர்க்கரையப் போட்டுக் கொல்லப் பாக்குறியாடி? நான் சர்வீஸ்ல செத்தா உன் புள்ளைக்கு பர்மனென்ட் வேலை வரும்னுதானே?”

ஓடிப்போய்ச் செடியை வேரோடு பிடுங்கி வந்தேன். அவர் தாடையைப் பிடித்து இலைகளை வாயில் திணித்தேன்.

“மென்னு பாருய்யா! எங்க இருக்குது சர்க்கரை?”

மென்றார். இனித்திருக்க வேண்டும், தலை குனிந்துகொண்டார்.

கழுத்தில் கொப்புளம் எரிகிறது. அவர் சொன்ன அந்த நினைப்பு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை எழுத மறுக்கிறது.